பச்சையும் பொறியும்: பெருந்துறைக் குறத்தியை முன்னிட்டு ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே, வெள்ளாற்றின் தென்கரைப் பகுதியில் அமைந்துள்ள ஆவுடையார்கோவில் இலக்கிய வழக்கில் திருப்பெருந்துறை எனப்படும். மணிவாசகப் பெருமான் குருந்தமர நிழலில் குருவைக் கண்டு ஆட்பட்ட இடம் இதுவென்பது சைவர் கொள்கை. திருவாசகப் பகுதிகள் பலவற்றுக்குப் பாடப்பெற்ற இடமாக இவ்வூரே குறிக்கப்பெற்றுள்ளது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவ்வூருக்குத் தலபுராணம் இயற்றினார். அவர்தம் மாணவர் உ. வே. சாமிநாதையர் ஆசிரியருடன் இங்குத் தங்கியிருந்த செய்தியைத் தம் வரலாற்றில் விரித்துரைத்துள்ளார். இவையெல்லாம் தமிழ் பயில்வார் நன்கறிந்தவை.

இக்கோவிலின் சிற்பங்களைப் பற்றியும் பேசாதார் இல்லை. கல்லாலாகிய கொடுங்கையில் கம்பியும் ஆணியும் போலச் செதுக்கிய நுட்பத்தைக் கண்டு வியந்த பழைய சிற்பிகள், ஒப்பந்தம் எழுதுங்கால் ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று விலக்கு வைத்து எழுதினர் என்பது வழிவழி வரும் செய்தி. ஆனால் அதே கோவில் மண்டபத் தூண்களில் நிற்கும் குறவன் குறத்தி, வேடன் வேட்டுவச்சி வடிவங்களைக் காண்போர், ‘என்ன வேலைப்பாடு!’ என்று சொல்லி அப்பாற் செல்கின்றனர். அக்குறத்தி யார், அவள் நாட்டு மக்களின் வாழ்வில் என்ன தொழில் செய்தாள், அத்தொழிலை மக்கள் எங்ஙனம் மதித்தனர் என்ற வினாக்கள் எழுவதில்லை.

குறி சொல்லுதல், கூடை முடைதல் என்பவற்றோடு குறத்தியின் கைத்தொழிலாக நாடறிந்தது பச்சை குத்துதல். சோழநாட்டிலும் பாண்டிநாட்டிலும் முதிய பெண்டிரின் முன்கைகளில் இன்றும் காணப்பெறும் கோலமும் தேளும் பெயரெழுத்தும் பெரும்பாலும் அவள் ஊசி இட்டவை. உடலில் அழியாக் குறி இட்டுக்கொள்வதைத் தமிழர் எவ்வெக் காலத்தில் எவ்வெவ்வாறு கருதினர் என்பதை இலக்கியம், சமய வரலாறு, அரசின் சட்டம், நாட்டு வழக்கு என்னும் நான்கின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் பொருளும்

பச்சை என்பது நிறப்பெயர். குத்துவதற்குக் கையாளும் மையோ கரியது. கரிய மை தோலினுள் சென்றதும் பசுமையும் நீலமும் கலந்த நிறமாகத் தோன்றுகின்றது. தோலின் அடிப்பகுதியில் தங்கிய கரித்துகளின் மேல் உள்ள தோற்படலம் ஒளியைச் சிதறச் செய்தலே இதற்குக் காரணம் என்பர் அறிவியலார். ஆகவே மக்கள் மையைக் கொண்டு பெயரிடாது, மேனியில் அது தரும் தோற்றத்தைக் கொண்டே பெயரிட்டனர் என்பது தெளிவு.

இக்குறி வாழ்நாள் முழுதும் நிலைத்தற்குரிய காரணமும் அறியத்தக்கது. ஊசி வழியாக உட்தோலிற் சென்ற கரியை உடலின் காவலணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவ்வணு இறந்தால் கரி வெளிப்படும். உடனே புதிதாக வந்த அணு அதனை மீண்டும் விழுங்கும். எலிகளிடத்துச் செய்து 2018ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு ஒன்று இதனை நிறுவியது. மேனியில் உள்ள எழுத்து அசையாது நிற்பதுபோல் தோன்றினும், உள்ளே அது கைமாறிக் கைமாறியே காக்கப்பெறுகின்றது.

இனி, பொறி என்னும் சொல்லை நோக்குவாம். புலிப்பொறி, விற்பொறி, கயற்பொறி என வேந்தரின் இலச்சினையைக் குறிக்கும் இச்சொல், எழுதிய குறியையும் சுட்ட குறியையும் ஒருங்கே குறிக்கும். பச்சை என்பது இட்டுக்கொள்வோர் வழக்கு. பொறி என்பது இடுவோர் வழக்கு. இவ்விரு சொற்களின் வேறுபாடே நம் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாகும்.

3. தொய்யிலும் விழுப்புண்ணும்

சங்க இலக்கியத்தில் மகளிர் மேனியில் எழுதும் வழக்கு தொய்யில் எனப்பட்டது. மார்பிலும் தோளிலும் சாந்தும் குழம்பும் கொண்டு கொடியும் கரும்பும் எழுதினர். கலித்தொகையில் இதற்குச் சான்றுகள் உள. சிலப்பதிகாரத்து மனையறம்படுத்த காதையில் கரும்பும் கொடியும் கண்ணகியின் தோளில் எழுதப்பெற்ற செய்தி வருகின்றது. கரும்பு காமவேளின் வில்லாதலின், அதனை எழுதுதல் அன்பின் குறிப்பாயிற்று.

தொய்யிலே பிற்காலப் பச்சையின் முன்னோடி என்று சிலர் கருதுவர். இக்கருத்தை அவ்வாறே ஏற்றல் இயலாது. தொய்யில் நீராட அழிவது. மீண்டும் மீண்டும் எழுதப்பெறுவது. எழுதுவோன் பெரும்பாலும் காதலன். எழுதுமிடம் பிறர் காணாதது. பச்சையோ அழியாதது, எழுதுவோள் ஊர்ஊராகச் செல்லும் அயலாள், எழுதுமிடம் எல்லாரும் காணும் முன்கை. இரண்டிற்கும் பொதுவாக நிற்பது அன்பை மேனியில் எழுதிக் காட்டலாம் என்னும் எண்ணம் ஒன்றே. அவ்வெண்ணம் தொன்றுதொட்டது எனலாமேயன்றி, அக்கலை தொன்றுதொட்டது என்று இதனால் துணிதல் கூடாது.

மேனியில் அழியாது நிற்கும் குறியைச் சங்கச் சான்றோர் எங்ஙனம் மதித்தனர் என அறிவதற்குத் தொய்யிலைக் காட்டிலும் புண்ணே சிறந்த சான்று. மார்பில் பட்ட புண் விழுப்புண், அது பெருமை. முதுகில் பட்டது புறப்புண், அது நாணம். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பைத் துளைத்த வேல் முதுகிலும் புண்செய்தமையால் நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். வேல் ஒன்று, புண்ணும் ஒன்று. அது புறத்தே தோன்றியதொன்றே அரசன் உயிர்வாழாமைக்குக் காரணமாயிற்று. எனவே மேனியிற் குறியின் மதிப்பு அக்குறியில் இல்லை. அது எவ்வாறு, எங்கே, யாரால் வந்தது என்பதில் உள்ளது. இவ்வளவுகோல் இனி வரும் செய்திகளுக்கும் பொருந்துதல் காண்க.

4. அடிமைப் பொறி

பத்தி இயக்கக் காலத்தில் மேனிக் குறிக்குப் புதியதொரு பொருள் தோன்றிற்று. தான் இறைவனுக்கு உடைமை என்பதை உடலிலேயே காட்ட வேண்டும் என்னும் வேட்கையே அது. திருநாவுக்கரசர் வரலாறு இதற்குத் தலையாய சான்று. சமண் சமயத்தில் வாழ்ந்த உடலோடு இனி உயிர்வாழ விரும்பாத அவர், திருப்பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்தில் சூலக் குறியும் இடபக் குறியும் தம்மேற் பொறித்தருள வேண்டினார். சிவபூதம் ஒன்று பிறர் அறியாமே அவர் தோளில் அவற்றைப் பொறித்தது என்பர் சேக்கிழார். தன் உடலையே வெறுத்த ஒருவர், ஒரு குறியைப் பெற்றபின் அவ்வுடலோடு வாழ உடன்பட்டார் என்னும் இச்செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. குறி இங்கு அணியும் அன்று, காப்பும் அன்று. உடலை மீண்டும் தனதாக்கிக் கொள்ளும் வழி.

வைணவத்திலும் இவ்வாறே. ஐவகைச் சடங்குகளுள் முதலாவதாகத் தோள்களில் சங்கும் ஆழியும் சூட்டுக்குறியாக ஏற்றுக்கொள்ளும் வழக்கு இன்றும் உண்டு. பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் இப்பொறி பேசப்படுகின்றது. வேண்டிப் பெறுதலின் அது பேறாகக் கருதப்பட்டது.

ஆயின் வேண்டாமல் இடப்பட்ட பொறியும் இருந்தது. சோழர்காலத் திருக்காளத்திக் கல்வெட்டொன்று, கோயிலுக்குரிய தேவரடியார் சிலர் தவறாக அரண்மனைப் பணிக்குக் கொள்ளப்பட்டு அரச இலச்சினை இடப்பெற்றமையையும், பின்னர் அவர்களை மீட்டுச் சூலக்குறி இட்டமையையும் கூறுகின்றது. இங்குப் பூசல் அரண்மனைக்கும் கோயிலுக்கும் இடையது. இரு முறை பொறிக்கப்பெற்ற அம்மகளிரின் விருப்பம் யாதென்று கல்வெட்டு பேசவில்லை. அப்பர் கேட்டுப் பெற்ற சூலமும் அவர்கள் கேளாமற் பெற்ற சூலமும் வடிவால் ஒன்றே. பொருளால் அவை ஒன்றல்ல.

5. பெருந்துறையின் தனிநிலை

இப்பின்புலத்தில் ஆவுடையார்கோவிலை நோக்கினால் ஒரு சிறப்புப் புலனாகும். பிற சிவன் கோயில்களில் நடுநாயகமாக விளங்கும் இலிங்கவுரு இங்கு இல்லை. ஆவுடை மட்டுமே உள்ளது. ஆத்மநாதர் அருவமாக வழிபடப்பெறுகின்றார். எதிரே நந்தியும் கொடிமரமும் இல்லை. யோகாம்பிகைக்கும் திருவுருவம் இல்லை. திருவடிச் சுவடே வழிபாட்டிற்கு உரியது. புழுங்கல் அரிசிச் சோற்றை ஆவியெழக் கற்பலகையிற் பரப்பிப் படைப்பதும், கீரையும் பாகற்காயும் உடன் படைப்பதும் இத்தலத்து வழக்கு. சோற்றின் ஆவியே இறைவற்கு உணவு என்பர்.

உருவத்தை நீக்கிய இக்கோவிலிலும் சுவடு நீக்கப்படவில்லை என்பதே ஈண்டு நாம் சுட்ட விரும்புவது. அம்மை இங்குக் குறியாகவே இருக்கின்றாள். மணிவாசகரோ உடலைப் பெரிதும் இழித்துப் பாடியவர். பெருந்துறையில் அருளியதாகக் கூறப்பெறும் சிவபுராணத்தில், புறத்தே தோல் போர்த்த ஒன்பது வாயிற் குடிலாக உடலை அவர் வருணிக்கின்றார். அத்தகைய தோலின்மேல் அழகுசெய்தல் வீண் என்பது அவர் நெறிநின்று எவரும் கூறக்கூடிய முடிவு. ஆனால் அதே பெருமான் தம் தலைமேல் வைக்கப்பெற்ற திருவடியைப் பலகாலும் நினைந்துருகுகின்றார். ஆண்டவன் அடி பட்ட இடம் இழிந்த உடலே. இழிந்ததென்று தெரிந்தும், அன்பின் சுவடு பட வேண்டிய இடம் அதுவே என்னும் உணர்வு திருவாசகம் முழுதும் ஓடுகின்றது.

குறத்தியின் கல்வடிவம் இக்கோவிலில் நிற்பது இப்பொருளை உணர்த்தவே என்று நாம் கூறவில்லை. குறவன் குறத்தி வடிவங்கள் நாயக்கர் காலக் கலைப்பாங்கில் அமைந்த பல கோவில்களில் உள. அக்காலத்தில் குறத்தி இலக்கியத்திலும் சிற்பத்திலும் ஒருசேர உயர்வு பெற்றாள் என்பதே வரலாற்று உண்மை.

6. குறத்தியும் அவள் ஊசியும்

சங்க காலத்து அகவன்மகள், பின்வந்த கட்டுவிச்சி என்னும் மரபில் குறவஞ்சி இலக்கியத்துக் குறத்தி தோன்றுகின்றாள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி அவ்வகைக்கு மணிமுடி. குறத்தி மலைவளம் உரைக்கின்றாள். தலைவியின் கை பார்த்து அவள் உள்ளத்தை அறிகின்றாள். பரிசில் பெற்று மீள்கின்றாள். வள்ளி தன் குலத்தவள் ஆதலின் முருகன் தமக்கு மருகன் என்னும் பெருமிதம் அவளுடையது. உயர்குடித் தலைவியின் கையைப் பற்றி நோக்க உரிமை பெற்ற அயலாள் அவள் ஒருத்தியே. அதே கைப்பற்றும் உரிமையே பச்சை குத்துதற்கும் வாயிலாயிற்று.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஊசியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவர் வேறு. தமிழ் வழங்கும் குறவர் வேறு. முன்னவர் மொழி வாக்ரிபோலி; அது வடநாட்டு ஆரியமொழிக் குடும்பத்தது. இருவரையும் ஒன்றாகக் கொள்வது பெரும்பிழை.

பச்சைக்குரிய மையை ஆக்கும் முறை நுட்பமானது. அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்து மெல்லிய துணியிற் பரப்புவர். அதனைத் திரியாக்கி ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியிற் படிந்த கரியை வழித்து நீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பர். சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, முதலில் வரைந்த கோலத்தின் மேல் குத்துவர். பின்னர்க் கழுவி மஞ்சள் பூசுவர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலில் இத்தகைய செய்திகள் பல உள.

தாய்ப்பாலும் மஞ்சளும் அகத்தியும் சேர்ந்த இம்மையை மருந்தென்றே மக்கள் கருதினர். குத்துங்கால் வலி தோன்றாதிருக்கக் குறத்தி பாடுவாள். குத்தப்படுபவள் பெரும்பாலும் பூப்பெய்தாத சிறுமி அல்லது மணமாகாத பெண். கூலி காசாகவும் நெல்லாகவும் பழம்புடைவையாகவும் அமையும்.

7. இட்டுக்கொண்டோர் கருத்து

பச்சையை இட்டுக்கொண்ட பெண்டிர் அதனை எங்ஙனம் கருதினர்? நாட்டு வழக்கில் வழங்கும் விடைகளை வகைப்படுத்தினால் நான்கு புலனாகும்.

முதலாவது, அது நகை. பொன் இல்லாதவர்க்கு அது காப்பும் வளையுமாம். அதற்கு மேலும் ஒரு கருத்துண்டு. பொன்நகையை அடகு வைக்கலாம், கள்வன் கவரலாம், கணவன் விற்கலாம், இறந்தபின் சுற்றத்தார் கழற்றிக்கொள்வர். பச்சையை எவரும் கழற்ற இயலாது. இறந்தால் உடன் வருவது இதுவொன்றே என்னும் கூற்று இந்தியா முழுதும் நாட்டுப்புறப் பெண்களிடையே வழங்குகின்றது. தன்பெயரில் நிலமோ பொருளோ இல்லாத ஒருத்தி, எவரும் பறிக்க இயலாத உடைமை தனக்கொன்று உண்டு எனச் சொல்லுதலை நாம் எளிதாகக் கருதல் ஆகாது.

இரண்டாவது, அது காப்பு. கண்ணேறு படாமைக்கும், நச்சுயிர் தீண்டாமைக்கும், உறுப்புகளின் வலி நீங்குதற்கும் புள்ளியும் தேளும் குத்திக்கொண்டனர். வலிக்குக் குறி இடும் எண்ணம் நம் நாட்டுக்கே உரியதன்று. 1991இல் ஆல்ப்சு மலைப் பனியில் கண்டெடுக்கப்பெற்ற, 5000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆடவன் உடலில் 61 குறிகள் உள. அவற்றுட் பல தேய்வுற்ற மூட்டுகளை அடுத்திருத்தலின் அவை மருத்துவக் குறிகளாகலாம் என்பர் ஆய்வாளர்.

மூன்றாவது, அது குலக்குறி. நீலமலையில் படகர் மகளிர் நெற்றியிலும் கையிலும் குத்திக்கொண்டதும் தோடர் மகளிர் குத்திக்கொண்டதும் இவ்வகை. சமவெளித் தமிழரிடையே இவ்வகை வலுப்பெறவில்லை. கோலமே இங்குப் பெருவழக்கு. வாசலில் நாள்தோறும் இட்டு அழியும் கோலத்தைக் கையில் அழியாமல் எழுதிக்கொண்டனர் எனலாம்.

நான்காவது, அது பெயர். இதுவே மிகுதியும் ஆராய்தற்குரியது. கணவன் பெயரை வாயாற் சொல்லுதல் தகாது என்னும் வழக்கு தமிழ்நாட்டில் அண்மைக்காலம் வரை வலிமையுடன் இருந்தது. சொல்லலாகாத அப்பெயரைக் கையில் எழுதி ஊரறியக் காட்ட வழக்கு இடந்தந்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கப்படாத பெண்ணொருத்தி தன் வாழ்நாளில் உடைமையாகக் கொண்ட எழுத்து அதுவாகவே இருந்திருத்தல் கூடும். உடன்பிறந்தார் பெயரும், இறந்த பிள்ளையின் பெயரும், தன் பெயரும் இவ்வாறே எழுதப்பெற்றன. ஏட்டிலும் கல்லிலும் செம்பிலும் எழுதிய தமிழ் நமக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. தோலில் எழுதிய தமிழ் அதனை உடையார் மறைவோடு எரிந்துபோகின்றது.

இவ்வழக்கை ஏலாதாரும் உளர். ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே கடற்கரையில் கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் முதலிய ஊர்களில் வாழும் இசுலாமியர், படைத்தவன் தந்த மேனியை மாற்றுதல் தகாது என்னும் கோட்பாட்டால் பச்சையை விலக்குவர். விவிலியப் பழைய ஏற்பாட்டில் லேவியராகமமும் மேனியில் குறியிடுதலை விலக்குகின்றது. பச்சை குத்திக்கொள்ளாமையும் மேனியை மதித்தலின் ஒரு வகையே என்பதை மறத்தலாகாது.

8. அரசின் பொறி

கம்பெனி ஆட்சி மேனிக்குறிக்கு முற்றிலும் வேறானதொரு பொருளைத் தந்தது. வங்காளத்தில் 1797ஆம் ஆண்டு முதல், வாழ்நாட் சிறை பெற்ற குற்றவாளிகளின் நெற்றியில் பெயரும் குற்றமும் பச்சையாகக் குத்தப்பெற்றன. சென்னை மாகாணத்தும் இம்முறை கைக்கொள்ளப்பெற்றது. இது 1849இல் நீக்கப்பட்டது. நாட்டுமக்கள் அழகுக்கும் அன்புக்கும் வழங்கிய கலையை அரசு இழிவுக்குக் கருவியாக்கியது. தலைப்பாகையை இறக்கிக் கட்டி நெற்றியை மறைத்தல் அத்தகையோர்க்குக் கடனாயிற்று.

இதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. 1871இல் வடநாட்டிற்கென இயற்றப்பெற்ற குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தியமைக்கப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. குறவர் இச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்ட குடிகளுள் ஒருவர். குற்றம் செய்யாதாரும் பிறப்பால் பதிவேட்டில் ஏறினர். கைரேகை பதிவு செய்யப்பெற்றது. ஊர்விட்டு ஊர் செல்லுதல் கட்டுப்படுத்தப்பட்டது. குறி சொல்லியும் கூடை விற்றும் பச்சை குத்தியும் ஊர்ஊராகச் செல்லுதலே தொழிலாகவுடைய ஒரு குடிக்கு இதனால் நேர்ந்த கேடு பெரிது. பிறர் கையைப் பற்றி அவர் விரும்பிய பெயரை எழுதிய குறத்தியரின் குடும்பத்தார் கையை அரசு பற்றி, விரும்பாத குறியை எடுத்துக்கொண்டது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் ஒழிந்தது. இந்தியா முழுதும் 1952இல் நீங்கிற்று. ஆயினும் அதனால் விளைந்த ஐயப்பார்வை சட்டத்தோடு ஒழியவில்லை.

இந்நூற்றாண்டுகளிலேதான் குறவஞ்சி நாடகங்கள் அச்சேறின, பாடமாயின, அரங்கேறின. ஏட்டில் இருந்த குறத்தியைப் போற்றிய நாடு, தெருவில் வந்த குறத்தியைக் காவல் நிலையத்துக்கு அனுப்பிய முரண்பாட்டைத் தமிழிலக்கிய வரலாறுகள் பேசவில்லை. குறவஞ்சியை ஆராய்வோர் இதனையும் சேர்த்தெழுதுதல் கடனாகும்.

9. அண்மைக் காலம்

1970களில் பச்சை அரசியலுக்கும் உரியதாயிற்று. 1972இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்த எம்.ஜி.ஆர்., கட்சியினர் கையில் கட்சிக்கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் எனக் கூறினார். பலர் உவந்து குத்திக்கொண்டனர். கட்சிக்குள்ளிருந்தே மறுப்பும் எழுந்தது. அன்பினால் குத்திக்கொள்வதற்கும் ஆணையினால் குத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடே அம்மறுப்பின் உட்பொருள். 2016 பிப்ரவரியில் செல்வி ஜெயலலிதாவின் பிறந்தநாளை ஒட்டிச் சென்னையில் நூற்றுக்கணக்கானோர் அவர் உருவத்தைக் கையில் குத்திக்கொண்டபோதும் இதே வினா எழுந்தது. அப்பர் வேண்டிய சூலமும் திருக்காளத்தி மகளிர்க்கு இட்ட சூலமும் புதிய உருவில் மீண்டும் எதிரெதிர் நின்றன எனல் தகும்.

தொழில்முறையும் மாறியது. நியூயார்க்கில் சாமுவேல் ஓரெய்லி 1891இல் உரிமம் பெற்ற மின்பொறி வழிவந்த கருவிகள் திருவிழாக் கடைகளையும் அடைந்தன. பாட்டு நின்றது, பொறியின் ஒலி எழுந்தது. ஒரே ஊசியைப் பலர்க்கும் பயன்படுத்தலால் மஞ்சட்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி. கிருமியும் பரவக்கூடும் என்னும் அச்சம் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. அவ்வச்சம் நியாயமானது. ஆனால் அதன் சுமை முழுதும் தெருவோரக் குறத்தியின் மேலேயே விழுந்தது.

கல்வி பெருகியதும் பச்சை நாணத்துக்குரியதாயிற்று. பட்டிக்காட்டு வழக்கு என்று சொல்லப்படுவதைக் கேட்ட மூதாட்டியர் வளையலாலும் முந்தானையாலும் கையை மறைத்தனர். இன்றோ நகரத்து இளைஞர் ‘டாட்டூ’ என்னும் பெயரால் பெரும்பொருள் கொடுத்துக் குத்திக்கொள்கின்றனர். 18ஆம் நூற்றாண்டில் பாலினேசியத் தீவுகளுக்குச் சென்ற ஆங்கிலக் கடலோடிகள் அத்தீவினரிடமிருந்து கொண்டுவந்த சொல் அது. அயலார் வழியாகப் பெயர் மாறி வந்தபோது அதே குறி நாகரிகமாயிற்று. பாட்டியின் கையில் இழிவாகத் தோன்றியது பேத்தியின் கையில் அழகாகத் தோன்றுகின்றது.

ஆயினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. படைத்துறையில் சேர்வோர்க்கு முன்கையின் உட்புறம், புறங்கை ஆகிய இடங்களிலன்றிப் பிறவிடங்களில் நிலையான பச்சை இருத்தல் ஆகாது என்பது இந்தியப் படைச்சேர்ப்பு விதி; பழங்குடியினர்க்கு மட்டும் அவரவர் வழக்கு நோக்கி விலக்குண்டு. காதலி பெயரைக் குத்திக்கொண்ட இளைஞன் வேலையின்பொருட்டு ஒளிக்கதிர் மருத்துவத்தால் அதனை நீக்க முயல்வதும் இன்று காணக்கூடியதே. குத்தும் கூலியினும் நீக்கும் கூலி மிகுதி, வலியும் அவ்வாறே.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: மேனியில் அழியாக் குறி இட்டுக்கொள்ளும் விருப்பம் தமிழரிடை நெடுங்காலமாக உள்ளது, ஆயின் தொய்யில், பொறி, பச்சை என்பன வெவ்வேறு வழக்குகள். அவற்றை ஒன்றாக்கித் தொன்மை பேசுதல் ஆராய்ச்சியாகாது. குறியின் மதிப்பு காலத்தாலும் வடிவத்தாலும் வேறுபடுவதினும் மிகுதியாக, அதனை வேண்டியவர் யார் என்பதனால் வேறுபடுகின்றது. தானே வேண்டிப் பெற்ற குறியை அப்பரும் ஆழ்வாரும் நாட்டுப்புற மூதாட்டியும் பேறாகவே கருதினர். பிறர் வலிந்திட்டது தேவரடியார்க்கும் சிறைப்பட்டோர்க்கும் பதிவேட்டில் ஏறிய குடிகளுக்கும் சுமையாயிற்று.

இனிச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கையால் இட்ட பச்சையைத் தாங்கிய பெண்டிர் பெரும்பாலும் முதுமையின் எல்லையில் உள்ளனர். குத்தத் தெரிந்த குறத்தியரோ மிகச் சிலர். கோலத்தின் வடிவு, அதற்கு அவர்கள் வழங்கும் பெயர், குத்துங்கால் பாடிய பாட்டு, குத்திக்கொண்ட வயது, அதற்கு அவர்கள் கூறும் காரணம் ஆகியவற்றை வட்டந்தோறும் சென்று தொகுத்தல் வேண்டும். உடையார் இசைவுடன், அவர் பெயரை வெளியிடாமல், அவர் சொல்லியவாறே எழுதிக்கொள்ளல் வேண்டும். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி வட்டங்கள் இதற்கு ஏற்ற தொடக்கமாகும். முதுகலை மாணவர் ஒருவர்க்கு இது ஈராண்டுப் பணி.

கல்வெட்டைப் படியெடுக்கும் துறை, கற்கள் காத்திருக்கும் என்னும் துணிவால் மெல்ல நடக்கலாம். இவ்வெழுத்துகள் காத்திரா. பெருந்துறைத் தூணில் நிற்கும் குறத்தி இன்னும் பல நூற்றாண்டு நிற்பாள். அவள் குலத்து மகளிர் ஊசியால் எழுதிய பெயர்களைப் படிக்க நமக்கு எஞ்சியுள்ள காலம் சில ஆண்டுகளே.